காணாததும் இல்லாததும்

சில மீட்டர் தள்ளிக் கிடக்கும் கருவிக்குக் கம்பியில்லாமல் மின்சக்தியை அனுப்புவது காற்றுவழி மின்னூட்டம். செல்போனைத் தட்டையான பலகைமேல் வைத்து சார்ஜ் ஏற்றுவது இதில் சேராது. அங்கே இரண்டு கம்பிச்சுருள்களுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான். காற்றுவழி முறையில் ஒரு கருவி ரேடியோ அலையாகவோ அகச்சிவப்புக் கதிராகவோ ஆற்றலை அனுப்புகிறது. இன்னொன்று அதை வாங்கி மீண்டும் மின்சாரமாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் நடமாடுகிறார்கள். அதனால் இது பாதுகாப்பானதா என்ற கேள்வி எழுகிறது. அறிவைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றும் கூடவே வருகிறது: தீங்கு தென்படவில்லை என்பதாலேயே தீங்கு இல்லை என்று முடிவுகட்டலாமா?

ஆற்றலை அனுப்ப முடியும் என்பதில் ஐயமில்லை. 1901-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கம்பியில்லாமல் ஆற்றலை அனுப்பவென்று எழுப்பத் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரம் பணமில்லாமல் நின்று, 1917-இல் இடிக்கப்பட்டது. ஆனால் 1964-இல் பொறியாளர் வில்லியம் பிரவுன் சிறு ஹெலிகாப்டர் ஒன்றை நுண்ணலையின் ஆற்றலாலேயே பறக்கவிட்டுக் காட்டினார். 1975-இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் 30 கிலோவாட்டுக்கு மேல் மின்சக்தி பெறப்பட்டது. அது பாலைவனம், அலையின் பாதையில் ஆள் கிடையாது. வீட்டில் நிலைமை வேறு.

அந்த வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு காட்டும். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை பொதுமக்களின் முழு உடல்மீதும் படும்போது அதன் அளவு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 10 வாட்டைத் தாண்டக்கூடாது. செல்போனின் முதுகு 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம் என்றால் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன்மேல் விழும் அலை துளியும் வீணாகாவிட்டாலும் கிடைப்பது 0.1 வாட். 15 வாட்-மணி பேட்டரி நிறைய 150 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்கு மேல் பிடிக்கும். உடலுக்கு எது வரம்போ அதுவே சார்ஜுக்கும் வரம்பாகிறது. அலையைக் குறுகிய கற்றையாகக் குவித்து, குறுக்கே ஆள் வந்தால் நிறுத்திவிடும் அமைப்புகளும் உண்டு. அங்கே பாதுகாப்பு அலையின் மென்மையில் இல்லை. ஆள் வருவதைக் கண்டுகொள்ளும் உணரியின் விழிப்பில் இருக்கிறது.

தெரிந்த தீங்கு வெப்பம். முழு உடலும் கிலோவுக்கு 4 வாட் அளவில் ஆற்றலை உள்வாங்கினால் பாதிப்பு தொடங்கலாம் என்று கொண்டு, அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கு வரம்பாக வைத்திருக்கிறார்கள். தெரியாதது, மெல்லிய அலையில் பல ஆண்டுகள் வாழ்வதன் விளைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகுப்பில் வைத்தது. சான்று உறுதியானது என்று அதற்குப் பொருளில்லை. ஐயத்தை ஒதுக்கிவிட முடியவில்லை என்பதே பொருள்.

இந்த இடத்தில் இந்தியத் தருக்க மரபு கைகொடுக்கிறது. ஒரு பொருளின் இன்மையை எப்படி அறிகிறோம் என்பதில் தத்துவப் பள்ளிகள் வேறுபட்டன. குமாரிலரின் மீமாம்சை, காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறியும் வழியாகவே, ஏற்றது. நியாய மரபினரான நையாயிகர்கள் இன்மையும் காட்சிக்கு உட்பட்டதே என்றனர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், இன்மை எனப்படும் அபாவத்தை அளவைகளுள் ஒன்றாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்குகிறது. காணாமைக்குத் தருக்க நூலார் விதித்த நிபந்தனை ஒன்று முக்கியமானது: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். விளக்கெரியும் அறையில் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படவில்லை என்றால் எதுவும் சொல்வதற்கில்லை. கண்ணுக்கே புலப்படாத பிசாசைக் காணவில்லை என்பதோ எந்த வெளிச்சத்திலும் சான்றாகாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை அறையில் விளக்கு எரிகிறது. உடல் சூடேறினால் அளந்துவிடலாம். நீண்டகால விளைவில் வெளிச்சம் மங்கல். காற்றுவழி மின்னூட்டத்தோடு வாழ்ந்தவர்கள் சிலரே, ஆண்டுகளும் சிலவே. அரிதான தீங்கு இருந்தாலும் இத்தனை சிறிய கூட்டத்தில் பிடிபடாது. ஆனால் முழு இருட்டும் இல்லை. இந்த ரேடியோ அலைகளின் ஒரு துகளிலுள்ள ஆற்றல், அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்கத் தேவையானதைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைவு. எக்ஸ்ரே செய்வதை இது செய்யாது என்று கருதலால் சொல்ல முடிகிறது.

அப்படியானால் யார் எதை மெய்ப்பிக்க வேண்டும்? அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை 1992 ரியோ பிரகடனம் வகுத்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துவோர்மேல் வைத்தது. அதே நெறியை இங்கே பொருத்தினால் சுமை தயாரிப்பாளருடையது. ஆனால் எந்தத் தீங்கும் ஒருபோதும் இல்லை என்று காட்டு என்பது பிசாசு இல்லை என்று காட்டச் சொல்வதுதான். நியாயமாகக் கேட்கக்கூடியது வேறு: எந்தத் தீங்கைத் தேடினார்கள், எவ்வளவு காலம் தேடினார்கள், இருந்திருந்தால் அந்தத் தேடலில் அது சிக்கியிருக்குமா?

மின்கம்பியின் ஆபத்து பெரும்பாலும் அதைத் தொடுபவரோடு நிற்கும். ரேடியோ அலை சுவருக்கு அப்பாலும் போகும். கருவியை வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்மேலும் படும். அவர் பெறும் பயன் எதுவுமில்லை என்பதால், பயனுக்காக ஏற்கலாம் என்ற வாதம் அவருக்குச் செல்லாது. மில்லிவாட்டுக்கும் குறைவாகக் கேட்கும் உணரிகளுக்கும் கடைகளின் விலைப்பட்டைகளுக்கும் மெல்லிய அலையே போதும். ஜப்பான் 2022-இல் விதிகளைத் திருத்திக் காற்றுவழி மின்னூட்டத்தை அறைக்குள் அனுமதித்ததும் வரம்பு கட்டித்தான். அனுப்பும் வாட் கூடக்கூட, காணாமையைச் சான்றாக்கும் வெளிச்சமும் கூட வேண்டும்.