காது சொல்லும் பொய்

கோடைக்கானலுக்கு அண்மையிலே, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கிய சிற்றூர் வில்பட்டி. பூண்டு விளையும், காரட்டும் பீன்சும் விளையும். பொழுது சாயுமுன்பே மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கூரையும் மறைந்துபோகும். கண்ணுக்கு வேலை ஓய்ந்துவிடும் அந்த வேளையிலே, காதுக்குத்தான் விருந்து. அப்படிப்பட்டதோர் மாலையில், உழவர் வீட்டுப் பின்கட்டிலே, பூண்டு மூட்டைகளுக்கு நடுவே தோழர் சிலரோடு உட்கார்ந்து நாம் ஒரு பாடும் பெட்டி செய்தோம். ஆம்ப்ளிஃபயரும் நாமே பூட்டியது. ஸ்பீக்கர் பெட்டியும் நாமே அறுத்து ஒட்டியது.

"கடையிலே கிடைக்காத பொருளா இது? ஏனிந்த வீண்வேலை?" என்று கேட்டனர் பலர். சிக்கனம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. டிரான்ஸ்பார்மருக்கும் பிளைவுட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால், கடைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பையிலே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். பேருந்துக் கட்டணமும் மிஞ்சியிருக்கும்! பிறகு எதற்காக?

எதற்காக என்பதை அன்று ஒரு பலகை நமக்குக் காட்டிற்று. பெட்டி அறுபடுமுன், எட்டு அங்குல ஸ்பீக்கரைத் தரையிலே மல்லாத்தி வைத்து, கோடைப் பண்பலையிலே வந்துகொண்டிருந்த நாதசுரத்தை அதற்குக் கொடுத்தோம். குழல் கேட்டது, தவிலோ தகர டப்பாவாக ஒலித்தது. "ஏமாற்றிவிட்டான் கடைக்காரன்" என்றார் ஒருவர். அந்த வீட்டுப் பிள்ளை, பழப்பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அறைந்து, நடுவிலே வட்டமாக அறுத்து, ஸ்பீக்கரை அந்தத் துளையிலே பொருத்தினான். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபயர். ஆனால் தவில் எழுந்து நின்றது! மாயமா? இல்லை. கூம்பு முன்னே தள்ளும்போது அதன் முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று நெகிழ்கிறது. தடுப்பு இல்லாதபோது இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நீண்ட அலைகளாகிய கனத்த ஒலிகளே பெரிதும் அழிகின்றன. பலகை அந்த வழியை மறித்தது. அவ்வளவுதான். அதைத் தன் கையாலே செய்து, தன் காதாலே கேட்ட பிள்ளையின் முகத்தில் தோன்றிய ஒளியை எந்தக் கடையிலே வாங்குவது?

இந்த ஆர்வம் நம் நாட்டிலே நேற்று முளைத்ததன்று. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 40 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியைக் கொண்டு அவ்வாண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் ஒலிபரப்பத் தொடங்கிற்று. அரசு செய்ததன்று, ஆர்வலர் கூட்டம் செய்தது! பணமில்லாமல் 1927இல் அது மூச்சடங்கிற்று. 1930இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் பிறந்ததோ 1936இல்தான். கோவையிலே ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். பெட்டியின் உள்ளே இருப்பது தெய்வ இரகசியமன்று, கம்பியும் கண்ணாடியும் கணக்குமே என்று கண்டவர்கள் இவர்கள்.

ஆகவே, திறந்து பார்த்தவன் ஏமாறமாட்டான். செய்து பார்த்தவன் மூடநம்பிக்கையில் விழமாட்டான் என்று நாம் எண்ணினோம். எழுதியும் பேசியும் வந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாதிருப்பதோ அதனினும் கூச்சம்.

மலையடிவாரத்திலே மைக்செட் வைத்துப் பிழைக்கும் ஒருவர் நம் கூட்டத்துக்கு வருவதுண்டு. ஆயுத பூசையன்று தம் ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டிட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுபவர். "மின்சாரத்துக்குக் கண்ணேறு படுமா?" என்று அவரை நாம் கேலி செய்திருக்கிறோம். அவர் சிரித்துக்கொள்வார்.

ஒருநாள், ஒலி செல்லும் வழியிலுள்ள கண்டன்சரை மாற்றினால் இனிமை கூடும் என்று கேள்விப்பட்டு, விலையுயர்ந்த ஒன்றை வரவழைத்தோம். பழையதும் புதியதுமாக இரண்டையும் இணைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள நடுவிலே ஒரு சுவிட்சும் வைத்தோம். இரண்டு மணி நேரம் கேட்டோம். என்ன வேறுபாடு! புதியதிலே இராசரத்தினத்தின் தோடி பட்டாகத் தவழ்ந்தது. பழையதிலே பருத்தியாகச் சொரசொரத்தது. பட்டு, பருத்தி என்ற சொற்கள் நம்முடையவையே. தோழர்களும் "ஆம், ஆம்" என்றனர். மைக்செட்காரர் மட்டும் மீட்டரை எடுத்து, சுவிட்சின் அடியிலே தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, ரெண்டு காலும் ஒட்டிக் கிடக்குதே!" என்றார்.

பார்த்தோம். நாம் வைத்த ஈயத்தில் ஒரு துளி வழிந்து, சுவிட்சின் இரு முனைகளையும் இணைத்துவிட்டிருந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டு கண்டன்சர்களும் ஒன்றாகவே வேலை செய்தன. பட்டுமில்லை, பருத்தியுமில்லை! எலுமிச்சம்பழம் கட்டியவர் அளந்து பார்த்தார். அவரைக் கேலி செய்த நாம் அளக்காமலேயே நம்பினோம். அன்றைக்குப் பகுத்தறிவு யாரிடம் இருந்தது?

நாம் பொய் சொல்லவில்லை. அதுதான் இங்கே அச்சமூட்டுவது. வேறுபாடு உண்மையாகவே கேட்டது. காசு கொடுத்தோம், ஆசைப்பட்டோம், எதிர்பார்த்தோம். எதிர்பார்த்ததைக் காது கொண்டுவந்து கொடுத்தது. 1784இல் பாரிசிலே மெஸ்மர் கூட்டத்தாரின் 'காந்த' வைத்தியத்தை ஆராய அரசன் அமைத்த குழுவிலே பெஞ்சமின் பிராங்கிளினும் லவாசியேயும் இருந்தனர். அவர்கள் செய்த சோதனை எளிது: நோயாளியின் கண்ணைக் கட்டினார்கள். தோட்டத்திலே ஒரு மரத்துக்குக் 'காந்தம்' ஏற்றப்பட்டிருந்தது. கண் கட்டப்பட்ட சிறுவனோ, காந்தம் ஏற்றப்படாத வேறொரு மரத்தடியிலே மயங்கி விழுந்தான். அவனும் நடிக்கவில்லை. நம்மைப் போலத்தான்!

நன்றாக அமைந்த ஆம்ப்ளிஃபயர் இந்த நோய்க்கு ஆளாவதில்லை. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்கும் படகிலே நின்றபடி, கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே ஒரு கருத்தை எழுதினார். பெருக்கி வெளியே அனுப்பும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வரும் ஒலிக்கு எதிராகவே நிறுத்துவது; இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டு பிழையைக் குறைப்பது. இதற்கு விலை உண்டு. தன் பெருக்கும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கைத் துறந்தால், பிழையிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஒழிகிறது. 1947இல் டி. டி. என். வில்லியம்சன், இந்த முறையைக் கையாண்டு, 15 வாட் ஆற்றலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான திரிபும் உடைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் படத்தை ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றிலே யாவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். பல நாட்டு வீடுகளிலே அது உருவாயிற்று. கம்பிச்சுருளும் கண்ணாடிக் குமிழும் தம்மை எதிர்த்துத் தாமே சான்று கூற முடிகிறது! மனிதனுக்கோ, தன் தவற்றைத் தானே எதிர்த்து நிறுத்த மனம் வருவதில்லை.

இனி, நம்மை உண்மையிலேயே வருத்திய கேள்விக்கு வருவோம்.

பலகையிலே துளை போட்டானே, அந்தப் பிள்ளை. பூண்டு விற்ற பணத்திலே, ஸ்பீக்கருக்கென்று விலையுயர்ந்த கம்பி ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். "அண்ணே, திரை விலகின மாதிரி இருக்கு!" என்றான். கணக்கு நமக்குத் தெரியும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரணச் செப்புக்கம்பி, போகவர 6 மீட்டர் என்றால், அதன் மின்தடை 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்லலாமா, வேண்டாமா? அவன் மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நாம் யார்?

"அவனுக்கு நிம்மதி, உனக்கென்ன நட்டம்?" இந்தக் கேள்வியை எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா! தாயத்து விற்பவனும் இதைத்தான் கேட்கிறான். அந்தக் கம்பியின் விலைக்கு இன்னொரு சோடி ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாம் என்பது ஒருபுறம். மறுபுறம், அடுத்த வாரமே அவன் இரண்டு சிறுவர்களுக்கு அந்தக் கம்பியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தான். பொய் வீட்டோடு நிற்கும் பொருளன்று. ஆயினும், நாதசுரம் கேட்டு அவன் கண் கலங்கியது பொய்யா? அன்று. அந்த உருக்கம் மெய். அதைத் தந்தது கம்பி என்பதே பொய். இசையிடமிருந்து பெற்றதற்குக் கம்பிக்கு நன்றி சொல்கிறான். நாம் மறுப்பது கம்பிக்குச் சொன்ன நன்றியை மட்டுமே. இந்த வேறுபாட்டை அவனுக்குச் சொல்ல நமக்குத் துணிவு வந்தது, அந்த ஈயத்துளியின் கதையை முதலில் சொன்ன பிறகுதான்.

சோதனைக்கு அவனே இசைந்தான். இரு கம்பிகளுக்கும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி மீட்டரால் சரிபார்த்தோம். ஒலி இம்மியளவு கூடினாலும் 'தெளிவு' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால். அறைக்கு வெளியே ஒருவர் காசைச் சுண்டி, விழுந்தபடி கம்பியை மாற்றினார். மாற்றியவர் உள்ளே வரவில்லை. பத்து முறை. ஆறு முறை சரியாகச் சொன்னான். "பாதிக்கு மேலே!" என்று துள்ளினான். பத்துக் காசுகளைச் சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் நிகழும் என்று எழுதிக் காட்டினோம். இன்னும் இருபது முறை கேட்டான். பத்து சரி, பத்து தவறு.

வெகுநேரம் பேசவில்லை. கம்பியைக் கழற்றிச் சுருட்டிப் பரணிலே வைத்தான். பிறகு நம் பக்கம் திரும்பி, "டிரான்சிஸ்டர்ல இல்லாத உயிர் வால்வுல இருக்குன்னு நீங்க சொல்லுவீங்களே அண்ணே, அதையும் இதே மாதிரி பார்த்துடலாமா?" என்றான்.

பார்த்துவிடலாம் என்றோம். பூண்டு அறுவடை முடியட்டும் என்றோம். அறுவடை முடிந்துவிட்டது. மழை ஓயட்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறோம்.