ஒரு சிட்டிகை மண்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஏதாவது டீக்கடையில் நின்று, கிரவுண்டு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு ரேட் சொல்வார்கள். அதே இடத்தில் ஒரு சிட்டிகை மண் என்ன விலை என்று கேளுங்கள். 'சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்பார்கள்.

கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது இல்லை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். அதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு கூட்டம். முதல் மழைக்கு 'ஆஹா, மண்வாசனை!' என்று உருகுகிறோமே, பெரும்பாலும் இவர்கள் உபயம்தான். இதே கூட்டம்தான் ஆன்டிபயாடிக் மருந்தையும் செய்கிறது. 1943-ல் அமெரிக்காவில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் அப்படி வந்ததே.

அபெலார்டோ அகிலார் என்று ஒரு பிலிப்பைன்ஸ் டாக்டர். எலி லில்லி கம்பெனியில் வேலை. 1949-ல் தன் ஊர்ப்பக்கம், இலோய்லோவில், கொஞ்சம் மண் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார். அதிலிருந்து பிறந்தது எரித்ரோமைசின். 'ஐலோடைசின்' என்று மருந்துக்கு ஊர்ப் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. ராயல்டி கேட்டு எழுதிய மனிதருக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை.

மருந்து யாருக்குச் சொந்தம்? மண்ணை அள்ளியவருக்கா, நிலத்துக்காரருக்கா, லேபில் ராத்திரி பகலாகக் கண் விழித்தவருக்கா? நம் நாட்டில் 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி நம் நுண்ணுயிரை எடுத்துப் போக அனுமதி வாங்க வேண்டும், லாபத்தில் பங்கும் தர வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் இருப்பது நம் சென்னையில், தரமணியில். நியாயமான சட்டம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மாத்திரையின் மூலம், 1957-ல் பிரான்ஸின் கடலோரப் பைன் மரத் தோப்பு ஒன்றில் எடுத்த மண். திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தத் தோப்புக்கு நாம் என்ன கொடுத்தோம்?

கொடுத்தோம் என்றுதான் சொல்வேன். 1968-ல், அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில், பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். இரண்டரை லட்சம் பேருக்கும் மேல். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு வெற்று ஊசி. 15 வருடம் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகம் முழுக்கப் பாடமாகப் படிக்கிற முடிவு இது.

மண்ணைக் கொடுத்தால் பங்கு கேட்கச் சட்டம் இருக்கிறது. கையை நீட்டியவர்களுக்கு? தரமணி ஆணையத்தின் கணக்கில் மனித உடம்பு வராது. பணமாகப் பங்கு தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு எந்த மண்ணிலிருந்து புது மருந்து வந்தாலும், விலை வைக்கிற மேஜையில் இந்த ஜனங்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம் இல்லையா?

அன்று ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டி. பேரன் யாராவது சிப்காட்டில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். பாட்டியின் தோளில் அந்தத் தழும்பு எதற்கு வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.