வழித்துணைக் கடன்

மலையேற்றத்திற்கு ஆயத்தம் செய்தல் என்பதை உடற்பயிற்சி, உணவு, உடை பற்றிய செய்தியாகவே பலரும் கருதுவர். தன் கால் தளராதிருக்க ஒருவன் பயில்கிறான்; தன் பசிக்காக அரிசி சுமக்கிறான்; இதில் அறத்திற்கு என்ன வேலை என்று வினவுவோரும் உளர். தனித்துச் செல்பவனுக்கு இவ்வினா பொருந்தலாம். பலர் கூடிப் பல நாள் நடக்கும் பயணத்திலோ, ஒருவனுடைய ஆயத்தக் குறைவிற்கு விலை கொடுப்பவர் அவனுடன் நடப்போரே. ஆகவே ஆயத்தம் தற்காப்பா, பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடனா என்பது ஆராயத் தக்கதாகும்.

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் குனோங் தஹான். தாமான் நெகாரா காட்டினுள் 2,187 மீட்டர் உயர்ந்து நிற்கும் இம்மலைக்கு மெராப்போ வழியாகச் செல்வோர்க்குப் பொதுவாக மூன்று நான்கு நாள்கள் வேண்டும். கோலா தஹானிலிருந்து செல்லும் பழைய வழியோ ஒரு கிழமையை ஒட்டும். ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் விரைவில் பெருகும். காட்டில் அட்டை கடிக்கும்; உச்சியை ஒட்டிய திறந்தவெளியில் இரவுக் குளிர் நடுக்கும். கடையும் இல்லை; மருத்துவமனையும் இல்லை. 'தஹான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தாங்குதல், பொறுத்தல் என்பது பொருள். 1905ஆம் ஆண்டில் இச்சிகரத்தை முதலில் எட்டியவராக வரலாறு குறிப்பதும் தனியொருவரையன்று, மலாய்க்காரர் நால்வரை.

இத்தகைய வழியில் முதற்கண் எழுவது சுமையின் வினா. கூடாரம், சமையற்கலம், அரிசி, மருந்துப் பெட்டி ஆகியன பொதுச் சுமை. ஒருவன் தன் விருப்பப் பொருள்களால் பையை நிரப்பிக்கொண்டால், பொதுச் சுமையில் அவன் பங்கு மற்றொருவன் தோளில் ஏறும். வினையின் வலிமையையும் தன் வலிமையையும் மட்டுமன்றித் துணைவரின் வலிமையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னவர் திருவள்ளுவர். மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று அவர் காட்டுவதும் அதே 'வலியறிதல்' அதிகாரத்தில்தான். முறியும் அச்சு பிறருடையதாக இருக்கும்போது அக்குறள் அறிவுரையாக மட்டும் நிற்பதில்லை, அறமாகிறது.

சுமையினும் அரியது உண்மை. ஈளை நோயையோ முழங்கால் வலியையோ மறைத்துப் புறப்படுபவன், எவரையும் ஏமாற்ற எண்ணாதவனாக இருக்கலாம். தன்னைச் சேர்க்க மாட்டார்களே என்னும் அச்சமே அவன் வாயை அடைத்திருக்கும். எனினும் அம்மௌனம், தெரிந்து முடிவு செய்யும் உரிமையைத் துணைவரிடமிருந்து பறிக்கிறது. அதே வேளையில், உண்மை கூறியவனை நகையாடி ஒதுக்கும் குழு, அடுத்தவனுக்குப் பொய் கற்பிக்கிறது. எனவே குறையைச் சொல்வது ஒருவன் கடன். அச்சமின்றிச் சொல்லத்தக்க சூழலை அமைப்பது ஏனையோர் கடன்.

இனி, கடினமான வினா ஒன்று உண்டு. மூன்றாம் நாள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால், நலமுடன் இருக்கும் அறுவரும் திரும்பத்தான் வேண்டுமா? பல மாதம் பணம் சேர்த்தும் விடுப்புப் பெற்றும் வந்தவர்க்கு அது நீதியா? அவர்களுடைய ஏமாற்றத்தைத் தன்னலம் என்று தள்ளிவிடல் பொருந்தாது. ஆனால் உச்சியைக் கண்ணெதிரே கண்டபின் செய்யப்படும் முடிவில் நடுநிலை இராது. அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில், தமக்கு எந்நிலை வாய்க்கும் என அறியாதோர் கூடி ஒப்பும் நெறியே நீதி நெறி என்று வாதித்தார். அவர் கற்பனையாகக் கூறிய அந்நிலை மலையடிவாரத்தில் ஏறத்தாழ உண்மையாகவே அமைகிறது. யார் நோயுறுவார் என எவரும் அறியார். ஆகவே நடையின் வேகத்தை மெலிந்தவனே வகுப்பான், நோயுற்றவன் தனித்து விடப்படான், வழிகாட்டி ஒருவரேயெனின் குழு பிரியாது என்னும் உடன்பாடுகளை அங்கேயே செய்துகொள்ளல் வேண்டும். அவற்றை ஏற்க மனமில்லாதவன் அப்போதே விலகிக்கொள்வதும் நேர்மையே. ஏற்றவன் பின்னர் முணுமுணுத்தல் முறையன்று.

மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பொருள்பட்டியல் தருவதோடு அமையாது, இவ்வுடன்பாட்டை மாணவரையே பேசி வகுக்கச் செய்தல் நன்று. கயிறு கட்டவும் அடுப்பு மூட்டவும் ஒரு நாளிற் கற்பிக்கலாம். "எனக்கு முடியவில்லை" என்று கூசாமற் சொல்லவும், அதைக் கேட்டவன் சினவாமல் நிற்கவும் பழகுவதற்கு நாள் பல வேண்டும். ஆயத்தத்தின் பெரும்பகுதி அதுவே.