படம் எடுத்தவர்கள்

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்த கதையை பிபிசி 1987-இல் ஒரு படமாக எடுத்தது. பெயர் 'லைஃப் ஸ்டோரி'. இயக்கம் மிக் ஜாக்சன், எழுத்து வில்லியம் நிக்கல்சன். ஜேம்ஸ் வாட்சனாக ஜெஃப் கோல்ட்ப்ளம், ரோசலின்ட் பிராங்க்ளினாக ஜூலியட் ஸ்டீவன்சன். சிறந்த தனி நாடகத்துக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகு படம் இருந்த இடம் தெரியவில்லை. அமெரிக்காவில் வேறு பெயரில் காட்டியதால் தேடுகிறவருக்குப் பாதி வழியிலேயே தடம் தப்பும். யாரோ டி.வி.யிலிருந்து டேப்பில் பதிந்து, இன்னொருவர் அதைக் கணினிக்கு மாற்றி, மூன்றாமவர் இணையத்தில் ஏற்றிவிட்ட மங்கல் பிரதியில்தான் பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மங்கல் பிரதியில் என்ன நடக்கிறது? ஒரு பெண் விஞ்ஞானியின் எக்ஸ்ரே படத்தை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பார்க்கிறார். பார்க்கிற நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 'அடப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா' என்கிறோம். நாம் பார்த்துக்கொண்டிருப்பதும் யாரையும் கேட்காமல் எடுத்த படம்தான்.

அது வேறு, இது வேறு என்பீர்கள். எப்படி வேறு? "பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், யாருக்கும் பயனில்லை." "அறிவு எல்லோருக்கும் பொது." "நான் பார்த்ததால் யாருக்கு என்ன நஷ்டம்?" "எடுத்தது நானில்லை, யாரோ காட்டினார்கள், பார்த்தேன்." இந்த நாலு பதிலையும் அப்படியே வாட்சன் வாயில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்காது.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கோபத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நடந்ததைப் பார்ப்போம். 1952 மே மாதம், பிராங்க்ளின் வேலை செய்த லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஈரமேறிய டி.என்.ஏ. இழை ஒன்றின்மேல் 60 மணி நேரத்துக்கு மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி ஒரு படம் எடுத்தார்கள். எண் 51. கறுப்புப் புள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல விழுந்திருந்தன. விஷயம் தெரிந்தவருக்கு அது சுருள் வடிவத்தின் அடையாளம். 1953 ஜனவரி 30 அன்று அதே ஆய்வகத்து மாரிஸ் வில்கின்ஸ் அதைக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த வாட்சனுக்குக் காட்டினார். அப்போது பிராங்க்ளின் வேறு கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வு மாணவர் வில்கின்ஸின் பொறுப்புக்குத் திரும்பியிருந்தார், படமும் கூடவே வந்திருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இது திருட்டு ஆகாது.

அதைவிடக் கனமானது இன்னொன்று. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக 1952 டிசம்பரில் கிங்ஸ் ஆய்வகம் ஓர் அறிக்கை தயாரித்தது. பிராங்க்ளின் அளந்த எண்கள் அதில் இருந்தன. அது கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி மேக்ஸ் பெரூட்ஸ் வழியாக, வாட்சனின் கூட்டாளி பிரான்சிஸ் கிரிக்கின் மேசைக்கு வந்தது. டி.என்.ஏ. படிகத்தின் சமச்சீர் எந்த வகை என்று அதில் பிராங்க்ளின் குறித்திருந்தார். கிரிக் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்த குதிரை ஹீமோகுளோபினுக்கும் அதே சமச்சீர்தான். ஆகவே பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது: இழைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. எண்களைத் தன் கையாலேயே எழுதிய பிராங்க்ளினுக்கு அது தட்டுப்படவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறிக்கையில் 'ரகசியம்' என்று எங்கும் போட்டிருக்கவில்லை என்று பெரூட்ஸ் 1969-இல் விளக்கம் எழுதினார். உண்மைதான். அதிலுள்ள விஷயத்தில் ஒரு பகுதியை பிராங்க்ளினே 1951 நவம்பரில் பகிரங்கமாகப் பேசியிருக்கிறார். வாட்சனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் குறிப்பெடுக்கவில்லை. டி.என்.ஏ.வில் தண்ணீர் எவ்வளவு என்ற எண்ணைத் தப்பாக ஞாபகம் வைத்துக்கொண்டு போய், கிரிக்கோடு சேர்ந்து மூன்று இழையில் ஒரு மாதிரியைக் கட்டினார். பிராங்க்ளின் நேரில் வந்து பார்த்த மாத்திரத்தில் அது சரிந்தது. மேடையில் இலவசமாகக் கொடுத்தபோது வாங்கத் தெரியாதவர், பதினாலு மாதம் கழித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக வாங்கிக்கொண்டார்.

இதுவரை நடந்ததில் பெரிய பாவம் என்று நான் எதையும் எண்ணவில்லை. ஆய்வகங்களில் இப்படித்தான் பேச்சு கசியும், தாள் கைமாறும். பாவம் அச்சில் இருக்கிறது. 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் வந்த வாட்சன்–கிரிக் கட்டுரை ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவு சின்னது. அதில், இந்த அமைப்பை நாங்கள் வடித்தபோது கிங்ஸ் ஆய்வகத்தின் முடிவுகள் விவரமாக எங்களுக்குத் தெரியாது, பெரும்பாலும் ஏற்கெனவே வெளியான தரவுகளைத்தான் நம்பினோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. கடைசியில், வில்கின்ஸ், பிராங்க்ளின் ஆகியோரின் வெளிவராத முடிவுகளைப் பொதுப்படையாகத் தெரிந்துகொண்டது தூண்டுதலாக இருந்தது என்று ஒரு நன்றி. பொய் என்று பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, வக்கீல் எழுதியதுபோல எழுதியிருக்கிறார்கள். இந்த உலகத்துக்கு உயிரின் இரகசியத்தைச் சொல்ல வந்த கட்டுரை, தன் எண்கள் எங்கிருந்து வந்தன என்ற இரகசியத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அடுத்த வருஷமே இருவரும் ராயல் சொசைட்டிக்கு எழுதிய நீண்ட கட்டுரையில், கிங்ஸ் தரவு இல்லாமல் இந்த அமைப்பை வகுத்திருப்பது அநேகமாக முடியாத காரியம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதை எத்தனை பேர் படித்தார்கள்? ஊர் கூடிய சபையில் ஒன்று சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்ன கதை.

இனி நம்முடைய வீட்டைக் கொஞ்சம் பெருக்குவோம். புராணங்களைக் கிழித்துப் போட்ட பகுத்தறிவாளர்கள் என்று மார் தட்டிக்கொள்கிற நாம் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறோம்? "ஒரே ஒரு போட்டோ. அதைத் திருடினார்கள். நோபல் வாங்கினார்கள். அவளுக்குப் பட்டை நாமம்." மேடையில் சொல்ல வசதியான கதை. ஆனால் அந்த ஒரு போட்டோவைப் பார்த்ததும் வாய் பிளந்து நாடி துடித்தது என்ற காட்சியை நமக்குச் சொன்னவர் யார்? வாட்சன். 1968-இல் அவர் எழுதிய 'தி டபுள் ஹீலிக்ஸ்' புத்தகத்தில். கிரிக்கும் வில்கின்ஸும் ஆட்சேபித்ததால் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் கைகழுவிவிட்ட புத்தகம் அது. அதில் பிராங்க்ளினைச் சிடுசிடுப்புக்காரியாக வரைந்ததை நாம் நம்பவில்லை. அவர் உடையைக் கேலி செய்ததைக் கண்டித்தோம். அந்த ஒரு காட்சியை மட்டும் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டோம், நம் கதைக்கு அது தோதாக இருந்ததால். மேத்யூ காப், நத்தானியேல் கம்ஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2023-இல் பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் பார்த்துவிட்டு, வடிவத்தைத் தீர்மானித்தது அந்தப் படமல்ல, பிராங்க்ளினை ஏமாந்த பெண்ணாகக் காட்டாமல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகியோரோடு நால்வரில் சமமான ஒருவராகக் காட்டுவதே நியாயம் என்று எழுதினார்கள். படம் 51 ஓடிவந்து உண்மையைத் திறந்துகாட்டிய மந்திரச் சாவி அல்ல. எக்ஸ்ரே படத்தின் மேல் ஞானதிருஷ்டியை ஏற்றிவைத்தவர்கள் பகுத்தறிவாளர்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

நோபல் விஷயமும் அப்படியே. பரிசு 1962-இல். பிராங்க்ளின் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தது 1958 ஏப்ரல் 16, வயது 37. இறந்தவருக்கு யாரும் பரிசை மறுக்க முடியாது. மறுக்கப்பட்டது 1953-இல், 'நேச்சர்' கட்டுரையில், நாலு வரியில் சொல்லியிருக்க வேண்டிய கடன்.

இன்னொன்று புராணத்தில் வராது. 1952 ஜூலையில் பிராங்க்ளின் கறுப்புக் கரை போட்ட ஒரு மரண அறிவிப்பு அட்டை எழுதினார். இறந்துபோனது டி.என்.ஏ. சுருள்! காய்ந்த வடிவத்தில் சுருளுக்குச் சான்று போதவில்லை என்று அவருக்குத் தோன்றியதைக் கிண்டலாக அறிவித்தார். அந்தக் கிண்டல் பிழையாகப் போனது. எனக்கு அந்த அட்டைதான் அவரை மிக அருகில் காட்டுகிறது. சான்று கேட்பவர், பிடிவாதக்காரர், சக விஞ்ஞானிகளைச் சீண்டத் தெரிந்தவர், தப்பும் செய்பவர். நாம் அந்த அட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒரு சாந்த முகத்தைச் செய்து வைக்கிறோம். அநியாயம் செய்துவிட்டு அப்புறம் பீடம் கட்டுவது நமக்குப் பழக்கம்தான். ஊர் எல்லையில் நிற்கும் பெண் தெய்வங்கள் பலவற்றின் கதையைக் கேட்டால், உயிரோடு இருந்தபோது அந்த ஊரே செய்த கொடுமை வெளிவரும். கும்பிட ஆரம்பித்துவிட்டால் கணக்கு கேட்க வேண்டியதில்லை.

கிரிக்கைப் பற்றி ஒரு சங்கதி சொன்னால் நம் கூட்டத்தில் கைதட்டல் விழும். கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரி வளாகத்தில் வழிபாட்டுக்கூடம் கட்டுவதை எதிர்த்து 1961-இல் அவர் பதவியை விட்டார். வேண்டாதவர் உள்ளே போகத் தேவையில்லையே என்று வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியபோது, அப்படியானால் வளாகத்தில் தாசிவீடு ஒன்றும் கட்டலாமே, வேண்டாதவர் போக வேண்டாம் என்று பதில் எழுதி, பத்து கினிக்குக் காசோலையும் இணைத்து அனுப்பினார். அபாரம். ஆனால் கடவுள் இல்லை என்று சர்ச்சிலிடம் சொல்ல முடிந்தவருக்கு, "இந்த எண்கள் அந்த அம்மாவுடையவை" என்று 'நேச்சர்' ஆசிரியரிடம் சொல்ல முடியவில்லை. பிராங்க்ளினும் மறுமையை நம்பாதவர். இருபது வயதில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னவர். இருவரும் கடவுளைத் தள்ளியவர்கள், பிறகு கிரிக் வீட்டிலேயே தங்கி உடல்நலம் தேறும் அளவுக்கு நண்பர்களும்கூட. நாத்திகம் நேர்மைக்குத் தடுப்பூசி இல்லை. வாட்சனோ தோலின் நிறத்தையும் அறிவையும் முடிச்சுப் போட்டு 2007-இல் பேசி, தன் ஆய்வகத்தில் இருந்த பதவியை இழந்து, 2019-இல் மீண்டும் அதையே சொல்லி அங்கே மிச்சமிருந்த கௌரவப் பட்டங்களையும் இழந்தார். 2025 நவம்பரில், 97 வயதில் இறந்தார். இரட்டைச் சுருளில் இதனால் ஓர் அணுவும் இடம் மாறவில்லை. ஓர் அவதாரம் அயோக்கியன் என்று தெரிந்தால் மதம் ஆட்டம் காணும். அறிவியலுக்கு அந்தக் கவலை கிடையாது. அந்த நிம்மதியில்தான் அறிவியல்காரர்கள் சில சமயம் அயோக்கியத்தனத்தைச் சின்ன விஷயமாக நினைத்துவிடுகிறார்கள்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்குண்டு. பிராங்க்ளின் பின்னால் போய்ச் சேர்ந்த ஆய்வகத்தின் தலைவர் ஜே. டி. பெர்னால், 1952-இல் சென்னை வந்தபோது, கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் புதிர்தான் என்று இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரனிடம் சொல்லிவிட்டுப் போனார். கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து ராமச்சந்திரன் 1954-இல் மூவிழைச் சுருளை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார். 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் அதே கிரிக்கும் வந்து, உங்கள் மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று திருத்தம் சொன்னார்கள். வெள்ளைக்காரன் பெயரைத் தட்டிப் பறித்தான் என்ற முணுமுணுப்பு இங்கே உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ராமச்சந்திரன் முணுமுணுத்து நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று வெளியான படிக அமைப்புகளை எல்லாம் தோண்டி அளந்தார். அந்தக் கணக்கு 1963-இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரோடு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் முடிந்தது. உலகில் எந்தப் புரத அமைப்பைத் தீர்த்தாலும் இன்று அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். வரைபடத்தைச் சொல்லும்போது நாமும் ஒரு பெயரோடு நிறுத்திவிடுகிறோம். மற்ற இரண்டு பெயர்கள் எங்கே போயின?

இந்தக் கேள்வி பிராங்க்ளின் பக்தர்களுக்கும் உண்டு. படம் 51-ஐ எடுத்தது யார்? பிராங்க்ளினின் வழிகாட்டலில், கருவியோடு இருந்து எடுத்தவர் ரேமண்ட் கோஸ்லிங், ஆய்வு மாணவர். டி.என்.ஏ. தந்தவர் ருடால்ஃப் சிக்னர், பெர்ன் நகரத்து வேதியியலாளர், 1950-இல் லண்டன் கூட்டத்துக்குக் கொண்டுவந்து கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவர். பெண்ணின் பெயரை மறைத்தார்கள் என்று முழங்குகிற பேச்சில் மாணவன் பெயர் வருவதில்லை. நம் ஊர் ஆய்வகங்களில் கேளுங்கள். ராத்திரி கண்விழித்து மாணவி எடுத்த தரவு, கருத்தரங்கில் 'கைடு' பெயரில் வாசிக்கப்படும். அந்தக் கைடும் மார்ச் 8 அன்று பிராங்க்ளினைப் பற்றி உருக்கமாகப் பேசுவார். அவருக்கு ஒரு தகவல்: 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் டி.என்.ஏ. பற்றி மொத்தம் மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றாவது பிராங்க்ளினுடையது. அதன் தலைப்பின் கீழே பிராங்க்ளின் பெயருக்குப் பக்கத்தில் கோஸ்லிங் பெயரும் அச்சாகியிருக்கிறது.