ஒஃபியாக்டிஸ்: பிளந்த உயிரில் மூலம் எது?

ஒஃபியாக்டிஸ், முட்தோலிகள் தொகுதியில் நொறுங்கு நட்சத்திர மீன்கள் வகுப்பைச் சேர்ந்த ஒரு பேரினம். டென்மார்க் விலங்கியலாளர் லூட்கென் 1856இல் இதை வகுத்தார். ஒஃபியாக்டிடே குடும்பத்தின் பெயரும் இதிலிருந்தே வந்தது. இதை இனங்காண உருப்பெருக்கியில் வாயைப் பார்க்க வேண்டும்: தாடை நுனியில் ஒற்றைப் பல், இருபக்கமும் ஓரிரு சிறு துருத்தல்கள். மையத் தட்டின் மேல் செதில்களும் நுண்முட்களும் உண்டு. ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சோடி ஆரத் தகடுகள். கைகளுக்குள் முதுகெலும்புக் கண்ணிகள் போலக் கோத்த சுண்ணத் துண்டுகள். மலத்துளை கிடையாது. மூளையும் கிடையாது, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் அதிலிருந்து கைக்கொன்றாக ஓடும் நரம்பும்தான்.

இப்பேரினத்தைச் சேர்ந்த ஒஃபியாக்டிஸ் சவிக்னி என்ற இனம் வெப்பக் கடல்களில் கடற்பஞ்சுகளின் துளைகளுக்குள் வாழ்கிறது. பெரும்பாலும் ஆறு கைகள். பாலினப் பெருக்கம் உண்டு. அதோடு மையத் தட்டே குறுக்கே பிளந்து ஓர் உயிர் இரண்டாகப் பிரிவதும் உண்டு. இரைப்பையும் நரம்பு வளையமும் அறுபடுகின்றன. மூன்று கைகளோடு பிரியும் ஒவ்வொரு பாதியும் எஞ்சியதை வளர்த்துக்கொள்கிறது. அதனால்தான் மூன்று நீண்ட கைகளும் மூன்று குட்டைக் கைகளுமாகப் பல உயிர்கள் கிடைக்கின்றன.

பிளந்தபின் பழைய உயிர் எது? ஒரு பாதி மட்டும்தான் என்றால், எந்தப் பாதி என்று காட்ட அடையாளம் இல்லை. இரண்டுமே என்றால் ஒன்று இரண்டாகிவிடும். இரண்டுமல்ல என்றால், எதுவும் சாகாமலே ஓர் உயிர் ஒழிந்ததாகும். உயிரினத்தின் ஒருமை இடையறாத வாழ்வில் இருக்கிறது என்றார் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக். இங்கே அந்த வாழ்வே இரண்டு கிளைகளாகத் தொடர்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மா தொடக்கமற்றது. அதைக் கூறுபோட முடியாது. ஆகவே ஒரு பாதியில் வேறோர் ஆன்மா சேர்ந்தது என்றுதான் கொள்ள வேண்டும். அது முரணல்ல, ஆனால் எந்தப் பாதியில் சேர்ந்தது என்பதை உடலைப் பார்த்து அறிய வழியில்லை. பௌத்தம் இந்தச் சிக்கலில் சிக்குவதில்லை. ஒரு சுடரிலிருந்து மறு சுடரை ஏற்றுவது போன்ற தொடர்ச்சியே அதற்குப் போதும். மாறாத ஒன்று கைமாற வேண்டியதில்லை.

மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல், மனிதர் இரண்டாகப் பிரிவதைக் கற்பனை செய்து, ஒருமையைவிடத் தொடர்ச்சியே முக்கியம் என்று வாதிட்டார். அவர் கற்பனையில் வைத்துப் பார்த்த பிளவு கடற்பஞ்சுகளுக்குள் இயல்பாகவே நடக்கிறது. மூளையற்ற உயிரை வைத்து மனித ஆன்மாவைத் தீர்மானிக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் உடலின் தொடர்ச்சியே ‘அதே உயிர்’ என்பதை நிலைநாட்டிவிடும் என்ற வாதம் ஒஃபியாக்டிஸின் முன் நிற்காது.