நங்கூரம் போடுமுன் யாரைக் கேட்பது?

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள். பாய்மரப் படகில் பீஜியின் லாவு தீவுகளுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வழக்கத்தைக் காண்பார்கள். அமைதியான குடாவில் நங்கூரம் போட்டதும் நீந்தவோ மீன் பிடிக்கவோ இறங்கக்கூடாது. முதலில் கரையேறி, யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை ஊர்த்தலைவர் முன் வைத்து அனுமதி கேட்கவேண்டும். செவுசெவு என்று பெயர். (நம் வெற்றிலை பாக்குத் தட்டு நினைவுக்கு வருகிறதல்லவா?)

சட்டப்படி கடற்படுகை அரசுக்குரியது. ஊராருக்கு உள்ளது பரம்பரை மீன்பிடி உரிமைதான். அரசின் அனுமதித்தாள் கையில் இருக்க, வேர் எதற்கு?

நங்கூரத்தைக் கவனித்தால் தெரியும். 8 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் சங்கிலி விடுவார்கள். காற்றுத் திரும்பினால் படகு சுற்றும். சங்கிலி அடித்தரையை வாரிக்கொண்டு போகும். மணலானால் பெரிய கேடில்லை. பவளமானால், பல்லாண்டு வளர்ந்தது ஓரிரவில் நொறுங்கும். காலையில் படகு போய்விடும். அந்தப் பவளத்தில் ஒதுங்கும் மீனை நம்பியவர்கள் எங்கே போவார்கள்?

ஆனால் ஒரு நெருடல். விருந்தோம்பலே பெருமையென வாழ்பவர், வந்து நிற்பவரை எப்படி மறுப்பார்? மறுக்க முடியாதவரிடம் கேட்பது கேட்பதாகுமா? பொழுது சாய்ந்தபின் போய்க் கேட்டால் அவருக்கு வேறு வழியே இல்லை. இருட்டில் பவளத்திட்டுகளுக்கிடையே யாரைத் துரத்துவார்? நான் போவதானால் காலையிலேயே போய்ச் சேருவேன். 'வேண்டாம்' என்றால் வெளிச்சத்திலேயே நங்கூரத்தைத் தூக்கிவிடலாம்.