பெயரும் விளக்கும்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம், நாணயங்களையும் செப்புப் பிரதிமைகளையும் அவசரமாகப் பார்த்து முடித்துவிட்டு, நடுகற்களின் எதிரே வந்து நின்றுவிடுவது என் வழக்கம். இடக்கையில் வில்லும் வலக்கையில் ஓங்கிய குறுவாளுமாக, உடம்பில் தைத்த அம்பையும் பொருட்படுத்தாமல், தன் ஊர் மாடுகளைக் கவர்ந்து போனவர்களைத் துரத்திக்கொண்டு போய் மடிந்த எவனோ ஒருவன் அங்கே நூற்றாண்டுக் கணக்காகப் பாய்ந்தபடியே இருக்கிறான். அவன் காலடியில் ஒரு சிறு அட்டை.

இதே ஜாதிக் கல் ஒன்றை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் போகிற வழியில், சாமைக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு மரத்தடியில் கண்டேன். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து, மஞ்சளும் குங்குமமும் அப்பி, வீரனுடைய முகமே மழுங்கிப்போயிருந்தது. எழுத்து இருந்திருந்தால் அதுவும் தூர்ந்திருக்கும். அகல் ஏற்ற வந்த மூதாட்டியிடம் யார் இது என்று கேட்டேன். "வேடியப்பன் சாமி" என்றாள். சாமியாவதற்கு முன் அவருக்கு என்ன பெயர் என்று விடாமல் கேட்டேன். படித்தவனுடைய அசட்டுத்தனந்தான். "கூப்பிட்டா வர்ற சாமிக்கு இன்னொரு பேரு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, அவள் திரியைத் தூண்டிவிட்டாள்.

மலையை விட்டு இறங்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. பெயர் அழிந்து விளக்கு நிலைப்பது மேலா, விளக்கு அணைந்து பெயர் நிலைப்பது மேலா? மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்துக் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டிராவிட்டால், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போய் இறந்த எடுத்தனூர்க் கருந்தேவக்கத்தியின் பெயரும், கள்வர் இருவரைக் கடித்து எஜமானனின் பக்கத்திலேயே காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ராஜாக்களின் பட்டத்து யானைகளுக்குக் கூடக் கிட்டாத பாக்கியம் அந்த நாய்க்குக் கிட்டியது.

ஆனாலும், பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தது வெறும் பரிகாசமென்று எனக்குத் தோன்றவில்லை. பூஜையில் இருக்கும் கல்லைப் பெயர்த்தெடுத்து வந்து கூடத்தில் நிறுத்தும்போது, வீரனுக்கு முகவரி கிடைக்கிறது. வேடியப்பன் வீடிழந்து போகிறார். ஆகவே, துணி துவைக்கவும் வாய்க்காலுக்குக் குறுக்கே போடவும் ஆகிவிட்ட கற்களுக்கே அருங்காட்சியகம் அடைக்கலமாக வேண்டும். விளக்கெரியும் கல்லைப் படியெடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் முறை என்பது என் அபிப்பிராயம்.

எடுத்து வந்துதான் தீரவேண்டும் என்றால், அட்டை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காலத்தையும் கிடைத்த இடத்தையும் எழுதிய பிறகு, அந்த ஊரார் என்ன பெயர் சொல்லி அதற்கு விளக்கேற்றினார்கள் என்று இன்னொரு வரியும் எழுதுங்கள். இப்போது போய்க் கேட்டால், சொல்வதற்கு மலையில் ஆட்கள் இருக்கிறார்கள்.